சோலைக்காட்டுக் காற்றில் மிதக்கும் பூஞ்சைகளை ஆராய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பாடும் சோலை கேரளாவின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. 2003இல் அறிவிக்கப்பட்டது, பரப்பளவு 1.32 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர், சிலந்தியார் என்று வீட்டில் தமிழ் பேசும் ஊர்கள். சோலைக்கு வெளியே கிராண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் தோப்பு, வாட்டில், பைன், பூண்டு வயல். மூணாறு பக்கம் திரும்பினால் கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. இத்தனைக்கும் நடுவில் வெட்டுப்படாமல் நிற்கும் ஒரு பழங்காடு என்பதால்தான் காற்றில் உள்ள பூஞ்சைகளைப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காட்டுக்குள் பிறந்த ஸ்போர் (பூஞ்சையின் நுண்வித்து) எது, தோப்பிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்து சேர்ந்தது எது என்று இங்கே பிரித்துப் பார்க்க முடியும்.

மூணாறிலோ தேனியிலோ கொடைக்கானலிலோ உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று பலர் ஆரம்பத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. எந்த மணிக்கு எடுத்தீர்கள், எந்த உயரத்தில் எடுத்தீர்கள், பக்கத்தில் என்ன இருந்தது, இந்த மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இதைக் கவனிக்காமல் ஓட்டினால், ஸ்போரைப் பிடிக்கும் லட்ச ரூபாய்ப் பொறியும் குழப்பத்தைத்தான் தரும்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"இந்தக் காட்டுக் காற்றில் என்னென்ன பூஞ்சை இருக்கிறது?" என்பது கேள்வியே இல்லை. அதற்கு முடிவே கிடையாது. ஒப்பிடும்படி கேளுங்கள். சோலையின் நடுவிலும் 200 மீட்டர் தள்ளி உள்ள கிராண்டிஸ் தோப்பிலும் ஒரே நேரத்தில் எடுத்தால் வித்தியாசம் என்ன? பெரிய பட்டுப்போன மரங்கள் கிடக்கும் பகுதிக்கும் இளமரங்கள் மட்டுமே நிற்கும் ஓரத்துக்கும் என்ன வேறுபாடு? தரையருகே மிதப்பதும் மர உச்சியில் மிதப்பதும் ஒன்றா? இப்படி ஒரு கேள்வியைப் பிடித்துவிட்டால், எத்தனை பொறி வேண்டும், எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

பழங்காட்டைப் பொறுத்தவரை, பட்டுப்போன பெரிய மரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பல வருடம் மெல்ல மெல்ல மக்கும் கனத்த அடிமரம் இளங்காட்டில் கிடைக்காது. அதை நம்பி வாழும் துளைக்காளான்களும் (அடியில் நுண்துளைகள் உள்ள மரக்காளான்கள்) அங்கே இருக்காது. காற்று மாதிரியில் இந்தக் கூட்டம் தெரிகிறதா இல்லையா என்பதே பழங்காட்டுக்கு ஒரு நல்ல அளவுகோல்.

அனுமதி

தேசியப் பூங்காவுக்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கேரளத் தலைமை வனவிலங்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். களத்தில் நீங்கள் பேச வேண்டியது மூணாறு வனவிலங்குக் கோட்டத்தோடு. கல்லூரி வழியாக, வழிகாட்டியின் கையெழுத்தோடு விண்ணப்பியுங்கள். எத்தனை பொறி, எந்த இடம், எத்தனை நாள், எதை வெளியே எடுத்து வருவீர்கள் என்று தெளிவாக எழுதினால் கேள்விகள் குறையும். மாதிரியையோ அதிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வையோ வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டம் இதில் கண்டிப்பானது.

அனுமதி வரத் தாமதமாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கல்லூரி வளாகத்தில், ஊர் ஓரத்தில், தெரிந்தவர் தோட்டத்தில் பொறி வைத்துப் பழகுங்கள். காட்டுக்குள் போகும் அன்று கை தானாக வேலை செய்ய வேண்டும்.

இடம் பார்ப்பது

காட்டுக்குள் காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதனால் தரையில் உள்ள காளானிலிருந்து விழும் ஸ்போர்களில் பெரும்பகுதி சில மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். இதன் பொருள், பொறியைச் சுற்றி இருப்பதைத்தான் பொறி அதிகம் பிடிக்கும். ஒரு பெரிய கானோடெர்மா காளான் ஒரே நாளில் 3,000 கோடி ஸ்போர் வரை உதிர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றின் பக்கத்தில் பொறியை வைத்துவிட்டால் மாதிரி முழுக்க அதுவே நிறைந்திருக்கும். காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எனவே ஒவ்வொரு இடத்திலும் பொறியைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு நடந்து பாருங்கள். எந்த மரம், எவ்வளவு கட்டை, எந்தக் காளான், மரப்பெரணி உண்டா, பாசி எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். படம் எடுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு பொறி போதாது. ஒன்றுக்கொன்று குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி மூன்று பொறியாவது வையுங்கள்.

சோலைக்குள் நடமாடும்போது வனத்துறை வாட்சர் சொல்வதே சட்டம். யானைத் தடத்தில் பொறி வைக்கக் கூடாது. காட்டெருமை உரசும் மரத்தில் கட்டக் கூடாது. இதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு உடனே தெரியும். வாட்சர்களில் பலர் முதுவான் குடிகளைச் சேர்ந்தவர்கள். "மழை விட்ட மறுநாள் விடியக்காலை வாங்க சார், கட்டை பூராவும் காளான் நிக்கும்" என்று அவர்கள் சொன்னால், அது எந்த வானிலை அறிக்கையையும்விட நம்பத் தகுந்தது. எந்தச் சரிவில் எந்த மாதம் எது முளைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் அவர்கள் பங்கைக் குறிப்பிட வேண்டும், அவர்கள் சம்மதத்தோடு.

எந்தப் பொறி

செலவே இல்லாத பொறியிலிருந்து தொடங்குவோம். இரண்டு எவர்சில்வர் சோற்றுத் தட்டு, ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று போல்ட். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கீழ்த் தட்டின் நடுவில் ஒரு சிறு மேடை. அதன்மேல் மெல்லியதாக வாசலின் தடவிய கண்ணாடி ஸ்லைடு. மேல் தட்டு மழையைத் தடுக்கும். 1946இல் டர்ஹாம் வடிவமைத்த பொறியின் தத்துவம் இதுதான். 24 மணி நேரம் வைத்து எடுங்கள். இதற்கு ஒரு குறை உண்டு: எவ்வளவு காற்றிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது. கனமான ஸ்போர் அதிகம் விழும், சிறியது மிதந்து போய்விடும். ஆனாலும் பத்து இடங்களில் ஒரே நாளில் வைத்து ஒப்பிட இதைப்போல் வசதியானது வேறில்லை.

அடுத்தது ஹர்ஸ்ட் பொறி. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1952இல் வந்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு மெல்லிய பிளவு வழியாக உள்ளே இழுக்கும். எதிரே பிசின் தடவிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். அதனால் எந்த மணியில் எது வந்தது என்று நாடாவே சொல்லும். பல்கலைக்கழகங்களில் ஒவ்வாமை ஆய்வுக்காக வாங்கியது மூலையில் கிடக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

சுழலும் குச்சிப் பொறி மலிவு, கையில் எடுத்துப் போகலாம். ஆனால் 10 மைக்ரானுக்கு மேற்பட்டதைத்தான் நன்றாகப் பிடிக்கும். காட்டுக் காளான் ஸ்போர்களில் பாதிக்கு மேல் அதைவிடச் சிறியவை. மகரந்த ஆய்வுக்கு அது சரி, இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டி.என்.ஏ. வழியில் போவதானால் சூறாவளிப் பொறி அல்லது வடிகட்டிப் பம்ப் வேண்டும். சூறாவளிப் பொறி காற்றைச் சுழற்றி, தூசியை நேராக ஒரு சிறு குப்பிக்குள் இறக்கிவிடும். உலகம் முழுவதும் 47 இடங்களில் இந்த வகைப் பொறியை வைத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் 24 கன மீட்டர் காற்றை வடித்து எடுத்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. பூஞ்சைகளின் இடமும் பருவமும் ஓர் ஒழுங்குக்குள் அடங்குகின்றன என்று அது காட்டியது. அவ்வளவு வசதி இல்லாதவர்கள் 12 வோல்ட் பம்ப்போடு 47 மில்லிமீட்டர் வடிகட்டித் தாங்கியை இணைத்து, 0.8 மைக்ரான் சவ்வைப் போட்டாலே நல்ல மாதிரி கிடைக்கும்.

பம்ப் என்றால் பேட்டரி. மர நிழலில் சோலார் தட்டு உதவாது. சார்ஜ் இறங்க இறங்க இழுக்கும் வேகமும் குறையும். அதனால் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ரோட்டாமீட்டர் வைத்து அளந்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். மர உச்சிக்குப் பொறியை ஏற்ற, கவண் கொண்டு மீன்பிடி நரம்பைக் கிளைக்கு மேலே வீசி, அதன் பின்னால் கயிற்றை இழுத்து, கப்பி மாட்டிவிட்டால் தினமும் இறக்கி ஏற்றலாம். மரத்தில் ஏற வேண்டியதில்லை.

மணியும் மழையும்

இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். காற்றில் உள்ள கூட்டம் மணிக்கு மணி மாறும். கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா போன்ற உலர் ஸ்போர்கள் வெயில் ஏறி, இலை காய்ந்து, காற்று அசையும் நண்பகலில் அதிகம். குடைக்காளான், துளைக்காளான் வகைகள் ஈரம் நிறைந்த இரவிலும் விடியலுக்கு முன்னும் உதிர்க்கும். ஒவ்வொரு ஸ்போரின் அடியிலும் ஒரு துளி நீர் திரண்டு, அது ஸ்போரின் மேல் பரவிய ஈரத்தோடு சட்டென்று சேரும் வேகத்தில் ஸ்போர் தெறித்துக் கிளம்புகிறது. ஈரம் இல்லாவிட்டால் இது நடக்காது. நுண்ணிய பைக்குள் ஸ்போரை உருவாக்கும் பைப்பூஞ்சைகளில் பல மழை நனைத்த பிறகே வெடித்து வீசும்.

எனவே காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து, மதியம் வரை எடுத்துவிட்டு, "இந்தச் சோலையில் கிளாடோஸ்போரியம்தான் அதிகம்" என்று எழுதினால் அது சோலையைப் பற்றிய உண்மை ஆகாது, உங்கள் ஜீப் நேரத்தைப் பற்றிய உண்மை. 24 மணி நேரமும் எடுங்கள். முடியாவிட்டால் விடியற்காலை 3 முதல் 6, நண்பகல் 12 முதல் 3 என்று இரண்டு வேளையாவது பிரித்து எடுங்கள். இரவில் நீங்கள் காட்டில் இருக்கத் தேவையில்லை, டைமர் போதும்.

வட்டவடை மழை மறைவுப் பக்கம். மூணாறில் ஜூன், ஜூலையில் கொட்டும்போது இங்கே தூறலோடு நிற்கும். அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை. ஆகவே மூணாறுக் கணக்கில் பருவத்தைப் பிரிக்காதீர்கள். ஒரு மழைமானி, வெப்பமும் ஈரமும் பதியும் சிறு கருவி ஒன்று பொறியோடு கட்டாயம் இருக்கட்டும். தென்மேற்கு, வடகிழக்கு, பனிக்காலம், கோடை என நான்கு பருவத்திலும் எடுத்தால்தான் ஒரு வருடச் சித்திரம் கிடைக்கும்.

வெற்றுச் சோதனை

பூஞ்சை எங்கும் உண்டு. உங்கள் சட்டையில், பையில், ஆய்வக ஏசியில். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்லைடையோ சவ்வையோ களத்துக்குக் கொண்டுபோய், பொறியில் மாட்டி, பம்ப்பை ஓட்டாமல் உடனே எடுத்து மூடிவிடுங்கள். அதையும் மற்ற மாதிரிகளைப் போலவே கடைசிவரை கொண்டுசெல்லுங்கள். டி.என்.ஏ. பிரிக்கும்போது ஒன்று, அதைப் பெருக்கும் பி.சி.ஆர். செய்யும்போது ஒன்று என வெற்று மாதிரிகளைச் சேருங்கள். இவற்றில் தென்படுவதை முடிவுகளில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். வெற்று மாதிரி இல்லாத காற்றாய்வை நான் நம்புவதில்லை.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே

ஸ்லைடில் ஒரு சொட்டு லாக்டோபீனால் காட்டன் ப்ளூ விட்டு மூடுங்கள். நிறமற்ற ஸ்போர்கள் நீலம் ஏறித் தெரியும். 40 மடங்கு லென்ஸில் மெதுவாக நகர்த்துங்கள்.

முதலில் கண்ணில் படுவது ஆல்டர்னேரியா: பழுப்பு நிறம், ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் மூக்கு நீண்டு, உள்ளே குறுக்கும் நெடுக்கும் சுவர். கர்வுலேரியா வளைந்திருக்கும், நடு அறை கறுத்துப் பெருத்திருக்கும். நைக்ரோஸ்போரா கன்னங்கரேலென்று உருண்டை. டெட்ராப்ளோவாவுக்கு நான்கு நீண்ட கொம்புகள். புல் அடித்தண்டிலிருந்து வருவது, அதனால் புல்வெளிப் பக்கம் காற்று வீசிய நாளில் கவனித்துப் பாருங்கள். கானோடெர்மாவைத் தவறவிடவே முடியாது: தேன் நிறம், இரட்டைச் சுவர், ஒரு முனை வெட்டிவிட்டாற்போல் தட்டையாக, சுவர்களுக்கு இடையே நுண்ணிய முட்கள்.

சிரமம் தருபவை சின்னஞ்சிறு நிறமற்ற ஸ்போர்கள். குடைக்காளான் வகை என்றால் ஒரு முனையில் சிறு மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சற்றே ஒரு பக்கமாகச் சாய்ந்து. இந்த மூக்கைப் பார்த்துவிட்டால் கூட்டத்தைச் சொல்லிவிடலாம். இனம் வரை போக முடியாது. முடியாததை முடிந்ததாக எழுத வேண்டாம். "நிறமற்ற குடைக்காளான் வகை, 6 முதல் 8 மைக்ரான்" என்று எழுதுவதே நேர்மை. பெரணி ஸ்போர்களும் சோலையில் ஏராளம். பெரிதாக, முக்கோணமாகவோ அவரை வடிவிலோ இருந்தால் பூஞ்சை என்று எண்ணிவிடாதீர்கள்.

இனம் பிரிக்கப் பழக, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சி. வி. சுப்பிரமணியன் 1971இல் வெளியிட்ட ஹைபோமைசீட்ஸ் (இழைப்பூஞ்சைகள்) நூல் இன்றைக்கும் மேசையில் இருக்க வேண்டியது.

எண்ணிக்கைக்கு வருவோம். ஹர்ஸ்ட் நாடாவில் ஒரு நாள் துண்டு 48 மில்லிமீட்டர் நீளம், 14 மில்லிமீட்டர் அகலம். ஒரு நாளில் இழுத்த காற்று 14.4 கன மீட்டர். உங்கள் கண்லென்ஸின் புல எண் (பார்வைப் புலத்தின் அளவைச் சொல்லும் எண்) 18 என்றால் 40 மடங்கில் தெரியும் வட்டத்தின் விட்டம் 0.45 மில்லிமீட்டர். துண்டின் முழு நீளத்துக்கும் ஒரு வரிசை எண்ணினால், அகலத்தில் 31இல் ஒரு பங்கைப் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே எண்ணியதை 31.1ஆல் பெருக்கி 14.4ஆல் வகுக்க வேண்டும்; சுருக்கமாக 2.16ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை என்று கிடைக்கும். ஒரு வரிசையோடு நிறுத்தாமல் நான்கு வரிசை எண்ணிச் சராசரி எடுங்கள்.

வளர்ப்புத் தட்டு

மால்ட் அகர் தட்டை 15 நிமிடம் திறந்து வைத்து, 25 டிகிரியில் ஒரு வாரம் வளர்ப்பது பலருக்கும் பழகிய வழி. உயிருள்ளதை மட்டும் காட்டும் என்பது அதன் பலம். ஆனால் பழங்காட்டுக்கு இது மட்டும் போதாது. மர வேரோடு கூடி வாழும் ருசுலா, அமனிட்டா போன்றவை தட்டில் வளராது. பெனிசிலியமும் அஸ்பர்ஜில்லஸும் தட்டை நிறைத்துவிடும். வளர்ந்த தட்டை முகத்தருகே திறக்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள். அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் நுரையீரலுக்கு ஆபத்தானது.

டி.என்.ஏ. வழி

சவ்வைக் கையுறையோடு எடுத்து கிருமி நீக்கிய குழாயில் போட்டு, உடனே ஐஸ் பெட்டிக்கு மாற்றி, அன்றே மைனஸ் 20 டிகிரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஈரச் சவ்வை வெளியே வைத்தால் ஸ்போர்கள் அதிலேயே முளைக்கத் தொடங்கும். ஸ்போர்ச் சுவர் கெட்டியானது. சிறு மணிகளோடு குலுக்கி உடைக்காமல் டி.என்.ஏ. சரியாக வெளிவராது. பூஞ்சைகளுக்கு 2012 முதல் பொது அடையாளமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது டி.என்.ஏ.வில் உள்ள ஐ.டி.எஸ். பகுதி. அதில் ஐ.டி.எஸ்.2 துண்டைப் பெருக்கி, கொச்சி, சென்னை, பெங்களூரில் கட்டணத்துக்குச் செய்து தரும் ஆய்வகத்தில் அதன் டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் பார்க்கலாம். வந்த வரிசைகளை டாடா2 (DADA2) மென்பொருளில் சுத்தம் செய்து, பூஞ்சை வரிசைகளுக்கான யுனைட் (UNITE) தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் இலவசம்.

வரிசை எண்ணிக்கையை ஸ்போர் எண்ணிக்கை என்று படிக்கக் கூடாது. ஐ.டி.எஸ். பகுதி ஒரு பூஞ்சையில் சில பிரதிகளாகவும் இன்னொன்றில் நூற்றுக்கணக்கிலும் இருக்கும். இருக்கிறதா இல்லையா, எத்தனை மாதிரிகளில் இருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு என்பதற்கு மைக்ராஸ்கோப் எண்ணிக்கையே துணை.

வெளியிலிருந்து வந்தது எது?

இந்த இடத்தின் சிறப்பே இங்குதான். சுய்லஸ் என்ற காளான் பைன் வேர் இல்லாமல் வாழாது. எல்லைப் பக்கத்து மலைகளுக்குப் பைனோடு வந்தது. பிசோலிதஸ் யூக்கலிப்டஸ் வேரோடு வருவது. சோலை நடுவில் வைத்த சவ்வில் இவை தெரிந்தால், அவை தோப்பிலிருந்து எத்தனை மீட்டர் தாண்டி வந்தன என்று வரைபடத்தில் அளந்துவிடலாம். தேயிலையின் கொப்புள நோய்ப் பூஞ்சை தென்னிந்தியத் தோட்டங்களுக்கு 1946இல் வந்தது. மழைக்காலத்தில் அதன் ஸ்போர்களும் காற்றோடு வரக்கூடும். காப்பித் துரு நோய்ப் பூஞ்சையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோலைக்குள் இந்த வெளி ஆட்களின் பங்கு ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகப்போக எப்படிக் குறைகிறது? இந்த ஒரு கேள்விக்கே ஒரு நல்ல ஆய்வேடு எழுதலாம். 1.32 சதுர கிலோமீட்டர்க் காட்டுக்கு உண்மையில் "நடு" என்று ஒன்று இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. கோதுமைத் தண்டுத் துரு, வடநாட்டுக் கோடையில் அழிந்துவிட்டாலும், நீலகிரி, பழனி மலைகளில் வருடம் முழுவதும் பிழைத்திருந்து காற்றில் வடக்கே போகிறது என்று பயிர் நோய் ஆய்வாளர் கே. சி. மேத்தா காட்டினார். வட்டவடையில் கோதுமை விளைந்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காற்றில் போகும் பூஞ்சையின் கதையில் இந்த மலைகளுக்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு.

தரையையும் பாருங்கள்

யுனைட்டில் தேடும்போது பல வரிசைகள் "அடையாளம் தெரியாத பூஞ்சை" என்றே திரும்பி வரும். வெப்பமண்டலக் காடுகளின் பல இனங்களுக்கு இன்னும் வரிசை பதிவாகவில்லை. அதனால் பொறி வைக்கும் நாளிலேயே சுற்றியுள்ள காளான்களையும் சேகரியுங்கள், அதையும் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும். புதிதாக இருக்கும்போதே படம், நிறம், மணம், கட்டையின் வகை எல்லாவற்றையும் எழுதுங்கள். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஒரு ராத்திரி மூடி வைத்தால் ஸ்போர் அச்சு விழும். மைக்ராஸ்கோப் ஒப்பீட்டுக்கு அதைப்போல் ஆதாரம் வேறில்லை. பிறகு 40 டிகிரிக்குச் சற்று மேலே உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காகித உறையில் போடுங்கள். ஒரு துண்டு வரிசைக்குப் போகட்டும். மீதியை பாலோடு தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம், பீச்சி வன ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களின் உலர் சேகரிப்பில் எண் வாங்கி ஒப்படையுங்கள். அந்த எண்ணையும், பொறி வைத்த இடம், உயரம், மணி, மழை அளவு எல்லாவற்றையும் வரிசையோடு சேர்த்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால், அடுத்து இதே சோலைக்கு வருபவருக்கு "அடையாளம் தெரியாத" பட்டியலில் ஒன்று குறையும்.